காயம் படாதவரின் கோப்பு: பாலக்காட்டு எல்லையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பாலக்காட்டு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் தமிழ் பேசும் ஊர் ஒன்றில் வசிக்கும், ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி 2025 ஏப்ரல் கடைசியில் எங்கள் சிறிய மனநல மையத்துக்கு அனுப்பப்பட்டார். உள்ளூர் மருத்துவர் கொடுத்த சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: "தூக்கமின்மை. படபடப்பு. பல ஆண்டுகளாக அல்பிரசோலம்." 2008 நவம்பர் 26 இரவு மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் அவர் இருந்தார் என்பது அந்தச் சீட்டில் இல்லை. கூடவே கொண்டுவந்த தடித்த நெகிழிப் பையில் இதய வரைபடங்கள், தைராய்டு அறிக்கைகள், தலை ஸ்கேன் எல்லாம் இருந்தன. அவற்றிலும் அது இல்லை.

தொடங்கும் முன் ஒன்று. இங்கே நோயாளியாக வருபவர் ஒரே ஒருவர் அல்லர். ஒத்த துன்பத்தோடு வந்தவர்களின் விவரங்களைக் கலந்து, வயது, உறவு, தொழில், ஊர் ஆகியவற்றை மாற்றி எழுதியிருக்கிறேன். பொது நிகழ்வுகளும் ஆய்வு முடிவுகளும் மட்டும் உள்ளபடியே இருக்கின்றன.

ஒரு ஏப்ரல் மாதம்

அந்த மாதம் அவரை எப்படிச் சாய்த்தது என்பதை நாள்வரிசையில் பார்த்தால்தான் விளங்கும். மலையாள மாதமான மீனம் 20 அன்று நெம்மாறை–வல்லங்கி வேலை என்னும் கோயில் திருவிழா. அதன் வெடிக்கட்டு என்னும் வாணவேடிக்கை சுற்றுவட்டார ஊர்களில் ஜன்னல் கம்பிகளைக்கூட அதிரவைக்கும். ஆண்டுதோறும் அன்றைக்குப் பொள்ளாச்சியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். அந்த ஆண்டும் போனார். ஏப்ரல் 10ஆம் தேதி, மும்பைத் தாக்குதல் வழக்கில் தேடப்பட்ட தஹாவூர் ராணா அமெரிக்காவிலிருந்து டெல்லிக்குக் கொண்டுவரப்பட்டார். மலையாளச் சேனல், தமிழ்ச் சேனல் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாவற்றிலும் 2008ஆம் ஆண்டுக் காட்சிகள் திரும்பத் திரும்ப ஓடின. 14ஆம் தேதி விஷு. அவர் வீட்டில் சித்திரைக் கனி, பக்கத்து வீடுகளில் விடியுமுன்பே பட்டாசு. 22ஆம் தேதி பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

அதற்குப் பிறகு அவர் கட்டிலில் படுக்கவில்லை. அடுக்களைத் தரையில், சுவரோடு முதுகை ஒட்டிப் படுத்தார். அந்த ஒரு அறைக்குத்தான் தெருப்பக்கம் ஜன்னல் கிடையாது. செருப்பைக் கழற்றாமல் தூங்குவதைக் கண்டபிறகே குடும்பம் மருத்துவரிடம் போனது.

"இத்தனை வருஷமும் நன்றாகத்தான் இருந்தாள். இந்த ஒரு மாதத்தில் என்னவோ ஆகிவிட்டது" என்றார் கணவர். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் விசாரிக்க விசாரிக்க வேறொரு சித்திரம் கிடைத்தது. மும்பையிலிருந்து ஊர் திரும்பிய நாளிலிருந்து மனைவி ரயில் ஏறியதே இல்லை. கோயம்புத்தூர் என்றாலும் பழனி என்றாலும் பஸ்தான். கல்யாண மண்டபத்தில் கதவோரம் உட்காருவார், முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். மகனின் பட்டமளிப்பு விழாவுக்குப் போகவில்லை. எங்கே போனாலும் கைப்பையில் ஒரு முழுத் தண்ணீர் பாட்டில் இருக்கும், அதை அவர் குடித்து யாரும் பார்த்ததில்லை.

கூட்டத்துக்குப் போகாத ஆணைப் பார்த்தால் ஊர் ஏன் என்று கேட்கும். வீட்டோடு இருக்கும் பெண்ணை "அடக்கமானவள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்னும் இந்த நோயின் முக்கியமான அறிகுறியான தவிர்த்தல், எங்கள் பக்கத்துப் பெண்களிடம் கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அன்றிரவு

நிலையத்தில் நடந்தது பதிவில் உள்ளதுதான். இரவு பத்து மணிக்குச் சற்று முன், இரண்டு துப்பாக்கிதாரிகள் நீண்டதூர வண்டிகளுக்காகப் பயணிகள் காத்திருந்த கூடத்தில் சுட்டார்கள், கையெறி குண்டுகள் வீசினார்கள். அந்த நிலையத்தில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மும்பை முழுவதும் அந்த மூன்று நாள்களில் பலியானவர்கள் 166 பேர். நிலைய அறிவிப்பாளர் ஒலிபெருக்கியை விட்டு அகலாமல் பயணிகளைப் பாதுகாப்பான வழியில் வெளியேறச் சொல்லிக்கொண்டே இருந்ததால் பலர் தப்பினர் என்பதும் பதிவானது.

கணவர் அப்போது மும்பையில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் வேலை பார்த்துவந்தார். அவருடைய தங்கையை, அதாவது தம் நாத்தனாரை, ஊருக்கு வண்டி ஏற்றிவிட இவர் வந்திருந்தார். சத்தம் கேட்டதும் இருவரும் மூட்டைகளுக்குப் பின்னால் விழுந்து படுத்தனர். இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

பக்கத்தில் அடிபட்டு விழுந்திருந்த ஒருவர் தண்ணீர் கேட்டார்.

"கையில் பாட்டில் இருந்தது, கண்ணு. மூடியைத் திறந்தால் சத்தம் கேட்குமே என்று பயந்தேன்."

இதை அவர் சொன்னது முதல் சந்திப்பில் அன்று. பல வாரங்கள் கழித்து, கிளம்பிப் போகும்போது வாசலில் நின்றுகொண்டு சொன்னார். உயிர் பிரிகிறவர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீராவது விடவேண்டும் என்று வளர்க்கப்பட்டவர் அவர். மாமியாருக்கும் தம் தாய்க்கும் அவரே விட்டிருக்கிறார். பெயர் தெரியாத அந்த மனிதருக்கு விடவில்லை. துப்பாக்கிச் சத்தத்தைவிட இதுதான் அவரை இத்தனை ஆண்டுகளும் அரித்திருக்கிறது.

விடியற்காலையில் இருவரும் வீடு போய்ச் சேர்ந்தனர். மருத்துவமனைக்குப் போகவில்லை, ஆகவே பெயரை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. இறந்தவர் குடும்பங்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது, காயமடைந்தவர்களுக்கு ஒன்று இருந்தது. பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர்களுக்கு எந்தப் பட்டியலும் இல்லை.

பதினாறு ஆண்டுகளின் மருத்துவம்

ஊர் திரும்பிய புதிதில் மாமியார் அவரைப் பயந்த கோளாறு என்று சொல்லி ஒரு பூசாரியிடம் அழைத்துப் போனார். திருநீறு மந்திரித்துக் கொடுத்த அந்தப் பெரியவர் "என்னம்மா பார்த்தாய்?" என்று கேட்டிருக்கிறார். இவர் அழுதாராம், பதில் சொல்லவில்லையாம். பின்னால் பார்த்த படித்த மருத்துவர்கள் எவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மந்திரிப்பதற்கு வக்காலத்து வாங்குவதற்காக இதை எழுதவில்லை. கேட்கத் தெரிந்தவர் யார் என்பதற்காக எழுதுகிறேன்.

படபடப்பு என்றதால் கோயம்புத்தூரில் இதயப் பரிசோதனைகள் நடந்தன. எல்லாம் சரியாக இருந்தன. தலைவலி என்றதால் ஸ்கேன், அதுவும் சரி. தூக்கத்துக்கு, பென்சோடயசெபைன் என்னும் அமைதியூட்டும் மாத்திரை வகையைச் சேர்ந்த அல்பிரசோலம் தரப்பட்டது. அது தொடங்கிய ஆண்டு யாருக்கும் நினைவில்லை. மருந்துக்கடைக்காரர் பழைய சீட்டைப் பார்த்தே தந்துகொண்டிருந்தார். இந்த வகை மாத்திரை அன்றைய இரவைக் கடத்திவிடும். ஆனால் பயத்தை மூளை பழகித் தணித்துக்கொள்ளும் வேலைக்குக் குறுக்கே நிற்கும், விட முயன்றால் படபடப்பு இரட்டிப்பாகத் திரும்பும். பேரதிர்ச்சிக்குப் பின்வரும் முதல் மாதத்தில் பென்சோடயசெபைன் மாத்திரைகளைத் தரவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது. எல்லையின் இரு பக்கத்து மருந்துக்கடைகளிலும் நிலைமை அதற்கு நேர்மாறு.

ஒருமுறை பாலக்காட்டில் ஒரு ஆலோசகரிடமும் போயிருக்கிறார். சந்தையில் பேரம் பேசவும் பஸ்ஸில் சண்டை போடவும் போதுமான மலையாளம் அவருக்குத் தெரியும். அந்த இரவைச் சொல்ல அது போதவில்லை. இரண்டாம் முறை போகவில்லை. இப்போது 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம் என்பதை அவரைப் போன்ற பலரிடம் நாங்கள்தான் முதன்முதலாகச் சொல்லவேண்டியிருக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து இருக்கும் வசதி அது.

வெளியே தெரிந்தவை

பொது இடத்தில் நடக்கும் கூட்டுத் துப்பாக்கிச் சூட்டை நேரில் கண்டவர்களைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் செய்யப்பட்டவை. காரணம் சொல்ல வேண்டியதில்லை. 1991 அக்டோபர் 16 அன்று டெக்சாஸ் மாநிலம் கில்லீன் நகரில் ஓர் உணவகத்தில் 23 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். உயிர் தப்பியவர்களை மனநல ஆய்வாளர் கேரல் நார்த் குழுவினர் சில வாரங்களுக்குள் நேரில் கண்டு பேசினார்கள். ஆண்களில் 20 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 36 விழுக்காட்டினருக்கும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இருந்தது. ஓராண்டு கழித்து மறுபடி பார்த்தபோது, அவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் தேறியிருந்தனர். மீதிப்பேர் தேறவில்லை.

நார்வேயில் 2011 ஜூலை 22 அன்று உட்டோயா தீவின் இளைஞர் முகாமில் 69 பேர் கொல்லப்பட்டனர். உயிர் தப்பிய ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊர் நகராட்சியில் ஒரு தொடர்பாளரை நியமித்து, குறைந்தது ஓராண்டாவது அவர்களாகவே தேடிப்போய் விசாரிக்கும் ஏற்பாட்டை அந்த அரசு செய்தது. அங்கே தப்பிய பதின்பருவத்தினரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, ஒற்றைத் தலைவலியும் இறுக்கத் தலைவலியும் அவர்களிடம் மற்றவர்களைவிட மிகுதியாக இருந்ததைக் காட்டியது. எங்கள் நோயாளியின் தலை ஸ்கேன் உறை மேசைமேல் இருந்தபோது எனக்கு அந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது.

இந்த இரண்டு ஊர்களிலும் தப்பியவர்கள் யார் என்று தெரிந்திருந்தது. ஒரு பெரிய இந்திய ரயில் நிலையத்தில் தெரியாது. அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் மறுநாளும் அதற்கடுத்த நாளும் உத்தரப் பிரதேசத்துக்கும் பீகாருக்கும் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் வண்டியேறிப் போய்விட்டார்கள்.

மகன் ஒரு யோசனை வைத்திருந்தான்: "அம்மா அந்தக் காட்சிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டால் சரியாகிவிடும் அல்லவா?" நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ராணா செய்தி வந்தபோது டிவியை அணைக்காததற்கும் அதுவே காரணம். 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின் நடந்த ஆய்வில், அடுத்த வாரம் முழுவதும் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்திகளில் மூழ்கியிருந்தவர்கள், நிகழ்விடத்தில் இருந்தவர்களைவிட அதிகமான கடும் மன உளைச்சலைத் தெரிவித்தார்கள். சிகிச்சையில் நினைவை எதிர்கொள்ளச் சொல்கிறோம், உண்மை. ஆனால் அதன் வேகமும் நேரமும் நோயாளியின் கையில் இருக்கும். சேனல்காரர்கள் கையில் கொடுப்பதில்லை.

நாத்தனார்

ஒரே மூட்டைக்குப் பின்னால் படுத்திருந்தவர் நாத்தனார். அவர் மறுமாதமே ரயிலேறி ஊர் வந்தார், இன்றும் ஆலத்தூருக்கும் திருச்செந்தூருக்கும் கவலையின்றிப் போய்வருகிறார். "அவளும் அங்கேதானே இருந்தாள்? இவளுக்கு மட்டும் என்ன?" என்பது குடும்பத்தில் ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவர் வாயில் வரும் கேள்வி. நோயாளியே தம்மைக் கேட்டுக்கொண்ட கேள்வியும் அதுதான்.

மருத்துவத்தில் இதற்கு ஒற்றை விடை கிடையாது. முன்பே பட்ட துயரங்கள், அன்று என்ன கண்ணில் பட்டது, அதற்கு மனம் கொடுத்த பொருள், பின்னால் கிடைத்த ஆதரவு என்று பல சேரும். இவருக்குத் தண்ணீர் கேட்ட குரல் இருந்தது, நாத்தனாருக்கு இல்லை. அப்படித்தான் நாங்கள் எண்ணியிருந்தோம்.

அண்ணியின் ஒப்புதலோடு அவரையும் ஒருநாள் அழைத்தோம். பதினாறு ஆண்டுகளாக இருவரும் அந்த இரவைப் பற்றித் தங்களுக்குள் ஒரு சொல்கூடப் பேசியதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரே தெருவில் வசிப்பவர்கள், ஒரே கிணற்றில் தண்ணீர் எடுப்பவர்கள். கூடத்தின் அமைப்பைத் தாளில் வரையச் சொன்னேன். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் தண்ணீர் கேட்டவர் கிடந்தார் என்பது நோயாளியின் நினைவு. நாத்தனார் வரைந்ததில் இடையே ஒரு நடைபாதை இருந்தது, மறைப்பு எதுவும் இல்லாதது.

"அண்ணி எழுந்திருக்கப் பார்த்தார்கள். முதுகில் கையை வைத்து நான்தான் அமுக்கிப் பிடித்தேன். அண்ணிக்கு அது ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் இல்லை. எழுந்திருக்க முயன்றதே ஞாபகம் இல்லை.

சிகிச்சை

எங்கள் மனநல மருத்துவர் செர்ட்ராலின் என்னும் மனச்சோர்வு எதிர்ப்பு மருந்தைத் தொடங்கினார். அல்பிரசோலத்தை ஒரேயடியாக நிறுத்தாமல் மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்தோம். கால் மாத்திரையிலிருந்து சுழியத்துக்கு வருவதுதான் மிகவும் சிரமமாக இருந்தது. மருந்தோடு சேர்த்து நீடித்த எதிர்கொள்ளல் என்னும் முறையைப் பின்பற்றினோம். நடந்ததை நிகழ்காலத்தில் நடப்பதுபோல, கண்ணை மூடிக்கொண்டு, மீண்டும் மீண்டும் சொல்லவேண்டும். அந்தப் பதிவை வீட்டிலும் கேட்கவேண்டும். பாடநூலில் ஒரு வரியில் முடிந்துவிடும் இந்த வீட்டுப்பாடத்துக்கு, கூட்டுக் குடும்பத்தில் இடம் தேடுவதே பெரும்பாடாகிவிட்டது. கடைசியில் தென்னந்தோப்பு மோட்டார் அறையில் உட்கார்ந்து கேட்டார். தண்ணீர் பாய்ச்சப் போகிறார் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

குற்ற உணர்ச்சியை வாதம் செய்து கலைக்க முடியாது. "எழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் அக்கா?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "செத்திருப்பேன். அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?" என்றார். நாத்தனார் வந்துபோன பிறகுதான் அசைவு தெரிந்தது. எழுந்திருக்கப் பார்த்தவள் என்று தம்மைப் பற்றி இன்னொருவர் சாட்சி சொன்னது அவரைப் பல நாள்கள் அமைதியிழக்கச் செய்தது; பிறகு தூக்கம் கொஞ்சம் கூடியது. "ஆனாலும் அவர் கேட்டார் அல்லவா" என்று இன்றும் சொல்கிறார். அதை மாற்றச் சொல்லி நாங்கள் வற்புறுத்துவதில்லை.

தவிர்த்த இடங்களுக்குத் திரும்பும் படிவரிசையை அவரே எழுதினார். முதற்படி முதலமடை நிலையம். ஆலமரங்கள் குடைபிடிக்கும் நடைமேடை, எப்போதாவது வரும் வண்டி; ரயில் நிலையம் என்ற சொல்லுக்குப் பயப்படுகிறவருக்கு அதைவிட நல்ல தொடக்கம் இந்தப் பக்கத்தில் கிடையாது. அங்கே வெறுமனே உட்கார்ந்துவிட்டு வந்தார், பயம் தானாக இறங்கும்வரை. அடுத்தது கொல்லங்கோடு, அதன்பின் பொள்ளாச்சிக்கு ஒரு பயணம், பாலக்காடு டவுன், பிறகு ஒலவக்கோட்டில் உள்ள பாலக்காடு சந்திப்பு. சந்திப்பில் சரக்கு வண்டியின் பெட்டிகள் இணையும் சத்தம் கேட்டு முதல்முறை ஓடி வெளியே வந்துவிட்டார். மறுவாரம் கணவரோடு போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தார்.

எதிர்கொள்ளலுக்கும் ஓர் எல்லை உண்டு. 2022இலிருந்து கேரளத்தில் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு இருக்கிறது. உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்கள் இரவில் தோப்புகளுக்கு வருகிறார்கள். நள்ளிரவில் முன்னறிவிப்பில்லாமல் கேட்கும் நிஜத் துப்பாக்கிச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழகு என்று ஒருவரிடம் சொல்வது சிகிச்சை ஆகாது. வார்டு உறுப்பினரிடம் மகன் பேசினான். வேட்டைக்காரர்கள் வரும் இரவுகளில் மாலையிலேயே ஒரு போன் வந்துவிடுகிறது. யாருக்காக என்று உறுப்பினர் கேட்கவில்லை, மகனும் சொல்லவில்லை. பல மாத மருந்துக்கு இணையான பலனை அந்த ஒரு போன் தந்தது என்று துணிந்து சொல்வேன்.

தற்போதைய நிலை

அறிகுறிகளை அளக்க 20 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைப் பயன்படுத்துகிறோம். 80க்கு மதிப்பெண், 31 முதல் 33ஐத் தொட்டால் நோய் இருக்கலாம் என்று கொள்வார்கள். வந்தபோது அந்தக் கோட்டுக்கு வெகு மேலே இருந்தவர் இப்போது அதற்குக் கீழே இருக்கிறார். கட்டிலுக்குத் திரும்பிவிட்டார். தலைவலி குறைந்திருக்கிறது, போகவில்லை. வேலைத் திருவிழாவின்போது பொள்ளாச்சிக்குப் போவதை நிறுத்த விருப்பமில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். தங்கையைப் பார்க்க ஒரு சாக்கு வேண்டுமாம். நவம்பர் 26 அன்று வீட்டில் டிவி போடுவதில்லை என்பது மகன் போட்ட விதி.

தண்ணீர் பாட்டில் பையில்தான் இருக்கிறது. ஒலவக்கோட்டில் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தைக்கு அதிலிருந்து கொடுத்தார் என்று கணவர் சொன்னார். அவர் அதைப் பற்றி எங்களிடம் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

படிவரிசையில் மிச்சம் இருப்பது கோயம்புத்தூர் சந்திப்பு, இரவு வேளையில், நீண்டதூர வண்டிக்காகக் கூட்டம் காத்திருக்கும் நேரத்தில். மாங்காய்ப் பருவ வேலை முடியட்டும் என்று தள்ளிப் போட்டிருக்கிறார். இதற்கிடையே நாத்தனாருக்குத் தூக்கம் கெடத் தொடங்கியிருக்கிறது. தாளில் அந்த நடைபாதையை வரைந்த நாளிலிருந்து என்கிறார். அவரையும் வாரந்தோறும் பார்த்துவருகிறோம். கோயம்புத்தூருக்குத் தாமும் கூட வருவதாக அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். சேர்ந்து போகலாமா, தனித்தனியாகவா என்பதை எங்கள் மருத்துவர் இன்னும் முடிவு செய்யவில்லை.